எந்தக் கட்டிலின் பக்கம்?

நைட் டியூட்டிக்கு ஏழரைக்கே வந்து, பையை லாக்கரில் வைத்துவிட்டு நிமிரும்போதுதான் அந்தப் போன் வரும். “சிஸ்டர், இன்னிக்கு நைட் நீங்க மெடிக்கல் வார்டுக்குப் போயிடுங்க. அங்க ரெண்டு பேர் லீவு. உங்க வார்டுல கேஸ் கம்மிதானே?” எட்டு வருடமாகக் குழந்தைகள் வார்டை விட்டு அசையாதவராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: “சரிங்க மேடம்.” நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் இந்த உரையாடல் மனப்பாடம். அமெரிக்காவில் இதற்கு ‘ஃப்ளோட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் குறைந்த வார்டை நோக்கி மிதந்து போவது.

இரண்டு மாடி இறங்கினால் அதே கட்டடம், அதே யூனிஃபார்ம், அதே கேஸ் ஷீட். ஆனால் கை வைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. சக்‌ஷன் கதீட்டர் எந்த டிராயரில்? எமர்ஜென்சி டிராலியில் அட்ரினலின் மேல்தட்டிலா, கீழ்தட்டிலா? மருந்து அலமாரிச் சாவி யாரிடம்? எந்தக் கட்டிலின் பக்கக் கம்பி ஏறாது? எந்தத் தாத்தா யாரையும் எழுப்பாமல் தானே பாத்ரூமுக்கு எழுந்து போய் விழுவார்? சொந்த வார்டில் இந்தக் கேள்விகளை அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலேயே பதில் கையில் இருந்தது.

பதினோராம் கட்டிலில் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறது. குழந்தைகள் வார்டிலிருந்து வந்தவருக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கும். நிமோனியாவில் திணறும் குழந்தைக்கு 90 என்றால் ஓட வேண்டும். அவர் கை தானாக ஆக்சிஜன் குமிழை நோக்கிப் போகிறது. பக்கத்தில் இருக்கும் அந்த வார்டு சிஸ்டர் தடுக்கிறார்: “விடுங்க சிஸ்டர், அவருக்கு அதுதான் சரி.” நாற்பது வருடம் பீடி பிடித்துப் பழுதான நுரையீரல் அது. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் பலருக்கு மருத்துவ வழிகாட்டுதல் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அதற்கு மேல் ஆக்சிஜனை ஏற்றினால் ரத்தத்தில் கரியமில வாயு கூடிப் பெரியவர் மயக்கத்தில் ஆழலாம். அதே கருவியில் அதே எண். ஒரு மாடியில் அபாயமணி, இன்னொரு மாடியில் நல்ல சேதி.

இந்த இடத்தில்தான் ஒரு பழைய கேள்வி எழுந்து நிற்கிறது. சேவை செய்யும் குணம் ஆளோடு கூடவே நடந்து போகிற ஒன்றா, இடத்தோடு ஒட்டியிருக்கிற ஒன்றா? மனசு இருந்தால் போதும், எங்கே நிறுத்தினாலும் செய்யலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. ‘நர்ஸ்னா நர்ஸ்தானே’ என்ற நிர்வாகப் பேச்சுக்கு அடியிலும் அந்த நம்பிக்கை கிடக்கிறது. அதைச் சோம்பேறித்தனமான கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஆன்மிக மரபே இருக்கிறது.

1633-இல் பாரிஸில் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரியாக்கும் ‘அன்பின் புதல்வியர்’ என்ற பெண்கள் சபையைத் தொடங்கினார்கள். அதுவரை துறவுப் பெண்கள் என்றால் மதிலுக்குள் இருக்க வேண்டும். இந்தப் பெண்கள் தெருவில் நடந்தார்கள். ஏழைகளின் வீட்டுக்குள் சூப்புச் சட்டியோடு போனார்கள். நகரத்துத் தெருக்களே உங்கள் மடத்து மதில் என்று வின்சென்ட் அவர்களுக்குச் சொன்னார். ஜெபத்தில் முழங்காலிட்டிருக்கும்போது ஒரு நோயாளி கூப்பிட்டால் எழுந்து போய்விட வேண்டும். அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது, அதில் இழப்பு ஏதும் இல்லை என்றார். 1639 இறுதியில் ஆஞ்சே நகரத்து மருத்துவமனைப் பொறுப்பை ஏற்க லூயிஸே சகோதரிகளை அழைத்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அந்தச் சபையார் தங்கள் வாக்குறுதிகளை வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள். எங்கே அனுப்பினாலும் போகத் தயாராக இருப்பது அவர்களுடைய பக்தியின் உயிர்நாடி.

இரண்டு நூற்றாண்டு கழித்து ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் புராட்டஸ்டண்ட் போதகர் தியோடர் ஃப்ளீட்னர் 1836-இல் ‘டீக்கனஸ்’ எனப்படும் திருச்சபைப் பணிப்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற பெண்கள், தாய் இல்லம் எந்த ஊருக்கு அனுப்புகிறதோ அந்த ஊருக்குப் போவார்கள். 1851-இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் மூன்று மாதம் அங்கே தங்கிக் கற்றார். மூன்று வருடம் கழித்து அவர் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு அழைத்துப் போன 38 பேரில் கத்தோலிக்கக் கன்னியரும் ஆங்கிலிக்கன் சகோதரிகளும் இருந்தார்கள். நாம் இன்றைக்கு வார்டில் வாய் நிறைய ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறோமே, அந்தச் சொல்லுக்குள் இந்த மடங்களின் வாசனை இருக்கிறது. கூடவே அவற்றின் கீழ்ப்படிதலும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கீழ்ப்படிதல் தனியாக வந்ததல்ல என்பதை மறந்துவிடுகிறோம். அன்பின் புதல்வியர் ஒரு புது ஊருக்குப் போனால் தன்னந்தனியாகப் போகவில்லை, கூட ஒரு சகோதரியாவது இருந்தார். டீக்கனஸுக்குச் சம்பளம் கிடையாது. பதிலுக்கு, நோய் வந்தாலும் முதுமை வந்தாலும் தாய் இல்லம் அவரைப் பார்த்துக்கொண்டது. ‘போ’ என்று சொன்ன வாய்க்கு ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் கடமையும் இருந்தது. நவீன மருத்துவமனை முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. சேவை என்ற சொல்லைச் சொல்லி ஒருவரை அறியாத வார்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே அவருக்கு யார் துணை என்று கேட்காமல் போனை வைப்பது அந்த மரபுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

மனசு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்துப் பழைய நூல்கள் வியக்கத்தக்க தெளிவோடு பதில் வைத்திருக்கின்றன. பௌத்த விநயத்தில் ஒரு கதை. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் காண்கிறார்கள். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் யாருக்கும் எதுவும் செய்யாதவர் என்பது மற்றவர்கள் சொன்ன காரணம். புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். இருவரும் தலையும் காலும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். என்னைப் பேண நினைக்கிறவர் நோயுற்றவரைப் பேணட்டும் என்று அவர் சொன்னதாக வரும் பகுதி பலருக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து வரும் பட்டியலைத்தான் அதிகம் பேர் பேசுவதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவருக்கு ஐந்து குணங்கள். முதலாவது, மருந்தைத் தயாரித்துக் கொடுக்கத் தெரிந்திருப்பது. இரண்டாவது, எது நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருப்பது. ஆதாயம் கருதாத அன்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. மலம், சளி, வாந்தியைக் கண்டு அருவருக்காமை நான்காவது. நல்ல சொல்லால் நோயாளியின் மனத்தைத் தேற்றுவது ஐந்தாவது.

கருணையின் வடிவமாகவே உலகம் கொண்டாடும் ஒருவர் பெயரால் வரும் பட்டியலில், அன்புக்கு முன்னால் அறிவு நிற்கிறது. பதினோராம் கட்டிலில் ஆக்சிஜன் குமிழை நோக்கிப் போன கையில் அன்புக்கு என்ன குறைச்சல்? ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரியாததுதான் குறை.

சரக சம்ஹிதையும் பணிவிடை செய்பவருக்கு நான்கு தகுதி சொல்கிறது: பணிவிடை முறையில் அறிவு, திறமை, அன்பு, தூய்மை. திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் (950), மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, ‘உழைச்செல்வான்’ என்று நான்காகப் பிரிக்கிறது. அந்த நாலாமவரின் நான்கு பண்புகளைச் சொல்லும் பரிமேலழகர் அன்பை முதலில் வைக்கிறார், மனம், மொழி, மெய்த் தூய்மையும் சொன்னபடி செய்யும் வல்லமையும் நடுவில், அறிவு கடைசியில். வரிசை மாறினாலும் அன்பு, அறிவு இரண்டில் எதையும் யாரும் விட்டுவிடவில்லை. அதைவிட முக்கியம் வள்ளுவர் எடுத்த அந்தச் சொல். ‘உழை’ என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து இயங்குபவர் என்பதே அந்தப் பெயரின் பொருள். நோயாளிக்குப் பணிவிடை செய்பவருக்குத் தமிழ் வைத்த பழைய பெயரே ஓர் இடத்தைச் சுட்டுகிறது. அப்படியானால் எந்தக் கட்டிலின் பக்கம் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

இருபதாம் நூற்றாண்டுத் தத்துவம் இதையே வேறு வழியில் வந்து தொட்டது. மார்ட்டின் ஹைடெக்கர் 1927-இல் வெளிவந்த ‘இருத்தலும் காலமும்’ நூலில் ஒரு சுத்தியலைப் பற்றிப் பேசுகிறார். தச்சர் வேலையில் மூழ்கியிருக்கும்போது சுத்தியல் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கை நீளமாகிவிட்டது போலத்தான். உடைந்தாலோ காணாமல் போனாலோதான் அது ஒரு பொருளாக முன்னால் வந்து நிற்கிறது. பழகாத வார்டில் நர்ஸுக்கு நடப்பது இதுவே. டிராயர், சாவி, பம்ப், படிவம், டாக்டரின் கையெழுத்து எல்லாமே ஒரே நேரத்தில் பொருளாகி முன்னால் வந்து நிற்கின்றன. நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு மிச்சம் இருக்கும் கவனம் கொஞ்சம்தான். அந்த மாதிரி இரவு முடிந்து வீட்டுக்குப் போகிறவரின் அலுப்பு, வேலை அதிகமான இரவின் அலுப்பு போன்றதல்ல என்று நர்ஸுகள் சொல்வதற்குக் காரணம் இது.

ஹைடெக்கரை அமெரிக்காவில் படித்து விளக்கியவர்களில் முக்கியமானவர் பெர்க்லியின் ஹூபர்ட் டிரைஃபஸ். அவரும் தம்பி ஸ்டூவர்ட்டும் 1980-இல் சதுரங்க ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் ஆராய்ந்து, திறமை ஐந்து படிகளில் வளர்வதாகச் சொன்னார்கள்: புதியவரில் தொடங்கி வல்லுநர் வரை. வல்லுநர் விதிகளைப் பார்த்து நடப்பதில்லை. நிலைமையை ஒரே பார்வையில் படித்துவிடுகிறார். நர்சிங் ஆய்வாளர் பாட்ரிசியா பென்னர் அந்தப் படிகளை நர்ஸ்களிடம் பொருத்திப் பார்த்து 1984-இல் ‘புதியவரிலிருந்து வல்லுநர்வரை’ என்ற நூலை எழுதினார். அதில் அவர் சொல்லும் ஒரு விஷயம் மருத்துவமனை அலுவலகங்களில் சட்டம் போட்டு மாட்ட வேண்டியது: எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், முன்பின் பார்த்திராத வகை நோயாளிகளிடம் போய் நிற்கும் நர்ஸ் மீண்டும் முதல் படியில்தான் நிற்கிறார். வல்லுநர் என்பது ஒருவரின் சட்டையில் குத்திய பதக்கம் அல்ல. அவருக்கும் அந்த இடத்துக்கும் நடுவே வளர்ந்த ஒரு உறவு அது.

அப்படியென்றால் போக மாட்டேன் என்று சொல்லலாமா? பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் வரும் சுவதர்மக் கருத்தை இங்கே யாரும் நினைப்பார்கள். பிறருக்கு உரியதை நன்றாகச் செய்வதைவிடத் தனக்கு உரியதைக் குறையோடு செய்வது மேல் என்பது அதன் சாரம். ஒரு நர்ஸின் சுவதர்மம் எது? நர்ஸாக இருப்பதா, குழந்தைகள் வார்டு நர்ஸாக இருப்பதா? முதலாவது என்றால் அவர் எங்கும் போக வேண்டும். இரண்டாவது என்றால், ஆளில்லாத வார்டில் முப்பது நோயாளிகள் கிடக்கும்போது அவர் தன் மாடியில் இருப்பது சரியாகிவிடும். இரண்டும் முழுசாக ஒத்துவரவில்லை. தர்மத்தை ஒரு வேலைப் பட்டியலாகப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. ‘எனக்கு எது தெரியும், எது தெரியாது’ என்பதை மறைக்காமல் இருப்பதையே சுவதர்மம் என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் கொஞ்சம் அவிழ்கிறது. அந்த நர்ஸ் போகலாம். போகும்போதே, “மேடம், நான் வர்றேன், ஆனா அங்க எனக்கு வென்டிலேட்டர் கேஸ் குடுக்காதீங்க, எனக்குப் பழக்கம் இல்ல” என்று சொல்லலாம். அது முரண்டு பிடிப்பது அல்ல. நோயாளியின் பக்கம் நின்று பேசுவது.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த ஊர்கள் உண்டு. கலிஃபோர்னியா 1999-இல் ஒரு சட்டம் இயற்றி, நர்ஸ் ஒருவருக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு வைத்தது. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதே சட்டத்தில், ஒரு பிரிவைப் பற்றிப் போதிய அறிமுகம் பெற்று, அங்கே தன் திறனைக் காட்டாத நர்ஸை அந்தப் பிரிவில் நியமிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. டெக்சாஸில் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்ற ஏற்பாடு உண்டு: ஒதுக்கப்பட்ட வேலை நோயாளிக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு எழுதிக்கொடுக்கும் நர்ஸைத் தண்டிக்கக் கூடாது. நம் ஊரில் இது பெரும்பாலும் மேட்ரன் மேடத்திடம் சொல்லிப் பார்க்கும் வாய்வார்த்தையோடு நின்றுவிடுகிறது. சொல்லிய குற்றத்துக்கு அடுத்த மாத டியூட்டி லிஸ்டில் பதில் வருமோ என்ற பயம் வேறு.

2020 இந்தக் கேள்விகளுக்கு ஒத்திகை பார்க்கக்கூட நேரம் தரவில்லை. இங்கிலாந்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது வழக்கம். கொரோனா அலையில், அந்தப் பிரிவில் பயின்ற ஒரு நர்ஸ் ஆறு நோயாளிகள் வரை மேற்பார்க்கலாம், மற்ற வார்டுகளிலிருந்து வருபவர்கள் அவருக்குத் துணையாக இருப்பார்கள் என்று விதி தளர்ந்தது. அறுவை அரங்கில் இருந்தவர்கள், வெளிநோயாளர் பிரிவில் இருந்தவர்கள், பள்ளிகளில் இருந்தவர்கள் வென்டிலேட்டர்களுக்கு நடுவே வந்து நின்றார்கள். லண்டனில் ஒரு கண்காட்சி அரங்கையே மருத்துவமனையாக்கி 2020 ஏப்ரல் 3 அன்று திறந்து, நைட்டிங்கேல் பெயரை வைத்தார்கள். அங்கே எல்லோருக்குமே அது பழகாத வார்டு. அப்படிப் போனவர்கள் பிறகு அதிகம் பேசியது தொற்றுப் பயத்தைப் பற்றி மட்டும் அல்ல. ‘நான் சரியாகத்தான் செய்தேனா, தெரிந்தவர் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா’ என்ற கேள்வியை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சரியானது எதுவென்று தெரிந்தும் அமைப்பு அதைச் செய்யவிடாதபோது வரும் வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவவாதி 1984-இல் ‘அறவேதனை’ என்று பெயர் வைத்திருந்தார். பென்னரின் நூல் வந்த அதே வருடம். பழகாத வார்டில் இன்னும் ஒரு படி மேல்: சரியானது எது என்பதே நிச்சயமாகத் தெரியாத வேதனை.

இருந்தும், மாறிப் போவதில் ஒளியே இல்லை என்று எழுதுவது பொய்யாகும். ஒரே வார்டில் வேர்விட்டவர் சில சமயம் நோயாளியைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார், கேஸைத்தான் பார்க்கிறார். புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது. அதனால் நோயாளியிடமே கேட்கிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெயில் 1942-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கிரெயில் கிண்ணத்துப் பழங்கதையை நினைவுகூர்கிறார்: காயப்பட்ட அரசனிடம் அவன் படும் துயரம் என்னவென்று கேட்கிறவருக்கே அந்தக் கிண்ணம் சேரும். அயலாரை நேசிப்பதென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருப்பதுதான் என்பது அவர் கருத்து. தமிழில் அதற்குப் புதிய மொழிபெயர்ப்பு தேவையில்லை. நம் வார்டுகளில் நாள் முழுக்க ஒலிக்கிறது அது: “உங்களுக்கு என்ன செய்யுது?” பழக்கப்பட்ட வாயில் அது வெறும் வாடிக்கைப் பேச்சு. பதில் உண்மையிலேயே தெரியாதவர் கேட்கும்போது அது கேள்வியாகிறது.

புதியவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த வார்டில் யாராவது நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாம் அங்கேதான் முடிகிறது. லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்ற ஒரே சொல் விருந்தாளியையும் விருந்து கொடுப்பவரையும் குறித்தது. ‘ஹாஸ்பிட்டல்’ அந்தக் குடும்பத்துச் சொல். தமிழில் ‘விருந்து’ என்றால் முதலில் புதுமை; பிறகு புதிதாக வந்தவர். சாப்பாடு அதற்கும் பிறகுதான். மாற்றி அனுப்பப்பட்ட நர்ஸ் அந்த அர்த்தத்தில் முழு விருந்து. பிரசவ வார்டுக்கு அப்படி ஒருவர் போகிறார் என்று வையுங்கள். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட் போய்க்கொண்டிருக்கிறது. அங்கேயே பழுத்த ஒரு அக்கா, அடுத்த டோஸுக்கு முன்னால் அவரைக் கட்டிலருகே கூப்பிட்டு, நோயாளியின் முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டிக் காட்டுகிறார். “கால் உதறுது பாத்தீங்களா? உதறலன்னா அடுத்த டோஸ் போடக் கூடாது. மூச்சு நிமிஷத்துக்குப் பதினாறுக்குக் குறையக் கூடாது. யூரின் மணிக்கு முப்பது எம்.எல்லாவது வரணும். கால்சியம் குளுக்கோனேட் இதோ, இந்த டிரேல.” இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடம் கிடைக்கும் வார்டில் புதியவர் அன்றிரவு ஒரு நர்ஸ். கிடைக்காத வார்டில், “இதுகூடத் தெரியாதா?” என்ற பேச்சை வாங்கிக்கொண்டு பி.பி. மட்டும் பார்த்துத் திரிகிற கூடுதல் கை. பிக்குவைக் கழுவிவிட்டுப் புத்தர் மற்றவர்களிடம் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: இங்கே உங்களுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

நைட்டிங்கேல் தன் ‘நர்சிங் குறிப்புகள்’ நூலில் சின்னச் சின்ன நிர்வாகத்துக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கினார். நீங்கள் இருக்கும்போது நடப்பது, நீங்கள் இல்லாதபோதும் நடக்கும்படி செய்துவைக்க வேண்டும் என்பது அதன் மையம். புனிதமான பேச்சு எதுவும் இல்லாத அத்தியாயம் அது. ஆனால் அந்த நூலில் அதைவிட ஆன்மிகமான பக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை. தான் இல்லாத நேரத்தில் தன் இடத்தில் வந்து நிற்கப்போகும், முகம் தெரியாத ஒருவரை இப்போதே நினைத்துக்கொள்ளும் வேலை அல்லவா அது.

விடிந்து ஏழு மணி. ஹேண்ட்ஓவர் தொடங்கிவிட்டது. பதினோராம் கட்டில் பெரியவர் விழித்துக்கொண்டு, “நாளைக்கும் நீதானே கண்ணு வருவே?” என்று கேட்கிறார். இன்றிரவு தான் எந்த மாடியில் இருப்போம் என்று நர்ஸுக்கே தெரியாது. “பாக்கலாம் தாத்தா” என்கிறார். பிறகு டிராலியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்து, அதில் பேனாவால் ‘88–92 போதும், ஆக்சிஜனைக் கூட்ட வேண்டாம்’ என்று எழுதி, இனி வருகிறவர் கை போகும் அந்தக் குமிழுக்கு மேலேயே ஒட்டிவிட்டு, பையை எடுக்க மாடிப்படி ஏறுகிறார்.